ஹேர்மிஸ் என்று சொல்லி வேறு கப்பலைக் காட்டினார்கள்: 185,000 ரூபாய் போயிற்று

மூன்று நாட்களுக்கு முன்பு 185,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, ஆத்திரம் அடங்காமலே இதை எழுதுகிறேன். மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைச் சுழியோடிப் பார்க்க எண்ணியிருப்போர் இதை வாசித்த பின்பு பணத்தைக் கட்டுங்கள். ஏமாறாதிருக்கும் வழிகளையும் இறுதியில் தருகிறேன்.

விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் 307 பேரைப் பலிகொடுத்து மூழ்கியது. அதை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கும் என் தம்பிக்கும் நெடுநாள் ஆசை. கிழக்குக் கரையில் சுழியோடிகளை அழைத்துச் செல்லும் நிலையம் ஒன்று, இருவருக்கும் சேர்த்து 185,000 ரூபாய் கேட்டது.

நான் தயங்காமல் இல்லை. எங்களிடம் இருப்பது 30 மீற்றர் ஆழம் வரை சுழியோடுவதற்கான சான்றிதழ். ஹேர்மிஸ் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. அந்த ஆழத்தில் சாதாரண காற்றைச் சுவாசித்தால் நைதரசன் மயக்கம் வரும் என்பதும், மேலே வரும்போது இடையிடையே தரித்து நின்றே வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இதைக் கேட்டபோது பொறுப்பாளர், "பயப்படாதீங்க அண்ணன், கப்பலின் மேற்பகுதியை 30 மீற்றரிலேயே தொட்டிரலாம்" என்றார். பிறகு, வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அன்று உயிர்தப்பியவர்களைக் கடலிலிருந்து மீட்ட கதையை அவர் உருக்கமாகச் சொல்லச் சொல்ல, இவ்வளவு சரித்திரம் தெரிந்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிவிட்டேன். என் பணம் போனது அந்த நிமிடத்தில்தான். பற்றுச்சீட்டுக்கூடக் கேட்காமல் முழுத் தொகையையும் வங்கியில் வைப்பிலிட்டேன்.

சுழியோடிய அன்று, கையில் கட்டியிருந்த ஆழமானி 24 மீற்றர் காட்டியபோது என் முழங்கால் மணலில் பட்டது. எதிரே கிடந்த கப்பலில் பீரங்கியும் இல்லை, விமான ஓடுதளமும் இல்லை. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அது என்பதைப் படகிலிருந்த பையனே வாய்தவறிச் சொன்னான். அதுவும் பார்க்கத் தக்க கப்பல்தான், மீன்களும் ஏராளம். ஆனால் அதற்கா 185,000 ரூபாய்?

பொறுப்பாளரிடம் கேட்டபோது, முதலில் நீரோட்டம் கடுமை என்றார். அடுத்து, "ரெண்டும் ஒரே நாளில தாண்ட கப்பல்தானே, என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். விடாமல் நின்றபோது, நாங்கள் கையெழுத்திட்ட தாளை நீட்டி, இடம் மாறலாம் என்று அதில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். கொழும்பிலுள்ள முதலாளியின் எண்ணுக்கு அழைத்தால், நாளைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நாளை இரண்டு முறை வந்துபோய்விட்டது.

வழிகளைச் சொல்வதாகச் சொன்னேன். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கட்டாதீர்கள். எந்தக் கப்பல், எத்தனை மீற்றர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 30 மீற்றர் சான்றிதழோடு ஹேர்மிஸுக்கு அழைத்துப் போவதாக எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதை எழுதும் இடையில் மீண்டும் அழைத்துப் பார்த்தேன். தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறார்கள்.