30 லிட்டர் கெட்டிலில் 23 லிட்டர் பீர் காய்ச்சப் போய் ஏமாந்த கதை

நேற்று ராத்திரி ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். எனக்கு நன்றாகத் தெரிந்த கடை, நன்றாகத் தெரிந்த அட்டைப்பெட்டி, மேலே ‘ஆல்-கிரெயின், 23 லிட்டருக்கு’ என்று அதே ஸ்டிக்கர். “தள்ளுபடி போட்டிருக்கான், எடுத்துரவா?” என்று கேட்டிருந்தார். எடுக்காதீங்க என்று உடனே பதில் போட்டேன். காரணம் சொல்ல வாட்ஸ்அப் பத்தாது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் இருப்பது மெல்பர்னில், வாடகை வீட்டில். இங்கே சொந்தத்துக்குக் குடிக்க வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம், லைசென்ஸ் வேண்டாம். விற்கக்கூடாது, சாராயம் வடிக்கக்கூடாது, அவ்வளவுதான். (ஊரில் இதே வேலைக்கு மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே தள்ளுவார்கள். அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது.) இரண்டு வருஷமாக 1.7 கிலோ டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வாங்கி, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, ஈஸ்ட் போட்டு 23 லிட்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். அது ரெடிமேட் மாவில் இட்லி அவிப்பது மாதிரி. நாமே ஊறப்போட்டு ஆட்டுவதுதான் ஆல்-கிரெயின். உடைத்த பார்லி மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய தண்ணீரை வடித்து, சக்கையைக் கழுவி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு ஈமெயில் அனுப்பினேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். “எனக்கு ஒவ்வொரு தடவையும் 23 லிட்டர் வேண்டும். வாடகை வீடு. கராஜில் சாதாரண ப்ளக்தான் இருக்கிறது. எந்த செட் சரியாக இருக்கும்?” இந்த 30 லிட்டர் எலக்ட்ரிக் கெட்டில் செட்தான் உங்களுக்கென்று பதில் வந்தது. நேரில் போனபோதும் கவுன்டரில் இருந்தவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: “பீர் 23, கெட்டில் 30. ஏழு லிட்டர் சும்மா கிடக்குது மேட், இன்னும் என்ன வேணும்?” எனக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது. 480 டாலர்.

முதல் சனிக்கிழமை. 5 கிலோ மால்ட். வடித்த தண்ணீர் 26 லிட்டர் சேர்ந்தபோதே கெட்டிலில் மூணு விரல் இடம்தான் மிச்சம். ரெசிபியோ இன்னும் 3 லிட்டர் கேட்டது. பயந்துபோய் அதோடு நிறுத்திக்கொண்டேன். சக்கையில் கொஞ்சம் இனிப்பு அப்படியே போயிற்று. கொதி வரும் நேரத்தில் மேலே நுரை கட்டும். பால் மாதிரிதான், கண்ணை எடுத்தால் போச்சு. நான் ஹாப்ஸை எடை போடத் திரும்பினேன். பொங்கலோ பொங்கல்! இரண்டு லிட்டர் கராஜ் தரையில். அந்தப் பிசுபிசுப்பைத் தேடி எறும்பு ஒரு மாதம் வந்துபோனது.

கடைசியில் ஃபெர்மென்டருக்கு, அதாவது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் பாத்திரத்துக்கு, வந்து சேர்ந்தது 18 லிட்டர். கடைக்கு போன் போட்டால், “பச்சைத் தண்ணி ஊத்தி 23 ஆக்கிடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்றார்கள். ஊற்றினேன். இனிப்பின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்ட வேண்டிய இடத்தில் 1.036 காட்டியது. கசப்பு மட்டும் இருந்தது, உடம்பே இல்லை. தண்ணீர் விளாவிய மோர் மாதிரி ஒரு பீர்.

அந்த ஏழு லிட்டர் எங்கே போயிற்று என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஃபெர்மென்டரில் 23 வேண்டுமா, கெட்டிலின் அடியில் ஹாப்ஸும் மண்டியுமாகத் தங்குவது ஒரு 2. கொதிநிலையில் இருக்கும் தண்ணீர் ஆறும்போது நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும், அது கிட்டத்தட்ட 1. ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகப் போவது என் கெட்டிலில் 3. ஆக, அடுப்பேற்றும்போதே 29 லிட்டர் உள்ளே இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 30 என்பது விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றினால் பிடிக்கிற அளவு. நுரைக்கு இடம் எங்கே? இதே கெட்டிலில் 15 லிட்டர் பீர் காய்ச்சினால் தொடக்கத்தில் 21 லிட்டர்கூட வராது, ஜம்மென்று வேலை செய்யும். ‘15 லிட்டருக்கு’ என்று எழுதி விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இங்கேயாவது நான் விழித்திருக்க வேண்டும். மறுவாரம் புகார் சொல்லப் போனவனுக்கு அதே ஆள் 65 லிட்டர் மெஷினைக் காட்டினார். “பெருசா வாங்கிட்டா பிரச்சினையே இல்ல.” பழையதைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், பயன்படுத்தியாயிற்றாம். ரோஷத்தில் இன்னொரு 690 டாலரைத் தேய்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் ப்ளக் சுவரில் நுழையவில்லை. எர்த் பின் அகலம். ஆஸ்திரேலிய வீடுகளில் சாதாரண பாயின்ட் 10 ஆம்பியர், அதில் 2400 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. இந்த மெஷின் 3500 வாட். அதனால் 15 ஆம்பியர் ப்ளக், அதற்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். வாடகை வீடு என்று முதல் ஈமெயிலிலேயே எழுதியிருந்தேன்! வீட்டு ஏஜென்ட் முடியாதென்றார். கடைக்கு போன் போட்டேன். “அந்தப் பின்னைக் கொஞ்சம் அரத்தால ராவிட்டா உள்ள போயிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பின் அகலமாக இருப்பதே 10 ஆம்பியர் பாயின்ட்டில் நுழையக்கூடாது என்பதற்காகத்தான். மீறி நுழைத்தால் சுவருக்குள் ஒயர் சூடாகும்.

டாண்டினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் பல வருஷமாக ஆல்-கிரெயின் செய்கிறார். வந்து பார்த்துவிட்டு, “தம்பி, முதல் தரம் அவன் உமக்குப் பானையை விக்கேல்லை, பானையின்ட விளிம்பை வித்திருக்கிறான்” என்றார். 65 லிட்டரையும் அவர் விடவில்லை. ப்ளக் நுழைந்திருந்தாலும் 5 கிலோ மால்ட் அவ்வளவு அகலமான பாத்திரத்தில் தோசை மாதிரி மெல்லிசாகப் படிந்திருக்கும், தண்ணீர் சரியாக வடிகட்டாது, அடியிலும் நிறையத் தங்கிவிடும் என்றார். 40, 50 லிட்டர் பீர் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் அது.

அவர் வைத்திருப்பது 40 லிட்டர் டீ அர்ன் (டீக்கு வெந்நீர் போடும் பெரிய எலக்ட்ரிக் பாத்திரம்), 2400 வாட், சாதாரண ப்ளக், உள்ளே ஒரு வலைத்துணிப் பை. 29 லிட்டர் வேண்டும், சக்கை கிலோவுக்கு ஒரு லிட்டர் குடித்துவிடும், ஆகவே 34 லிட்டர் தண்ணீர். அதில் 5 கிலோ மால்ட் மூழ்கினால் மட்டம் 37 சொச்சத்துக்கு ஏறும். கொஞ்சம் நெருக்கம்தான். அவர் 4 லிட்டரை எடுத்துவைத்துக்கொண்டு, கடைசியில் பையைத் தூக்கி அதன் மேல் ஊற்றிக் கழுவுகிறார்.

பணத்துக்கு வருகிறேன். கடைச் சுவரில் ‘திறந்த பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை’ என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்கு இங்கே சட்டத்தில் மதிப்பில்லை. என்ன தேவைக்கு என்று நாம் சொல்லி, அவர்கள் பேச்சை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியாக வேண்டும் என்கிறது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். மனசு மாறிவிட்டது என்று போனால்தான் அவர்கள் மறுக்கலாம். என் ஈமெயிலையும் அவர்கள் பதிலையும் இணைத்து, மாநில அரசின் நுகர்வோர் அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்குப் போவேன் என்று எழுதினேன். ஒன்பது நாள் சத்தமில்லை. பிறகு ஸ்டோர் கிரெடிட் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பணம் என்றேன். 690 திரும்பி வந்தது. மெஷினைக் கொண்டுபோன பெட்ரோல் என் செலவு.

480 வரவில்லை. அதையும் விடாமல் பிடித்திருக்கலாம், ஈமெயில் இருந்தது. ஆனால் அதற்குள் அண்ணரோடு போய் பழைய அர்ன் ஒன்றை வாங்கிவிட்டேன், அலுப்பும் வந்துவிட்டது. அந்த 30 லிட்டர் கெட்டிலில் இப்போது பாட்டில் கழுவ வெந்நீர் போடுகிறேன். படம் அனுப்பிய நண்பருக்கு 15 லிட்டர் போதுமென்றால் கடைக்குப் போக வேண்டாம், 200 டாலருக்கு என்னிடமே எடுத்துக்கொள்ளட்டும்.