பேட்டரி என்றால் மின்கலம் இல்லை சார்

சித்தூரில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் அடித்துத் தரும் ஒரு டிடிபி கடை. பெயரைப் போட மனசு வரவில்லை, ஏனென்றால் கை சுத்தமான வேலை. அப்பா இருந்த பீரங்கி ரெஜிமென்ட்டின் வரலாற்றை 24 பக்கத்தில் 60 பிரதி போடக் கொடுத்தோம். செப்டம்பர் 28 கன்னர்ஸ் டே, அதாவது பீரங்கிப் படையினரின் நாள். 1827-இல் அந்த நாளில்தான் பம்பாய் மலை பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவு உருவானது. வருஷாவருஷம் அன்றைக்கு அப்பாவின் பழைய ஆட்கள் பரதராமியில் கூடுவார்கள், பாதிப் பேர் ஆந்திரப் பக்கம், அதனால்தான் இரண்டு மொழி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1999 கார்கில் போரின்போது திராஸில் எடுத்த போட்டோ, மடித்து மடித்து நடுவில் வெள்ளைக் கோடே விழுந்திருந்தது. அதைச் சரிசெய்து, போஃபர்ஸ் பீரங்கி பக்கத்தில் அடுக்கியிருந்த குண்டுகளை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத் தெளிவாக்கிவிட்டார்கள். தாளும் பைண்டிங்கும் குறை சொல்ல முடியாது.

தமிழ்தான் கவிழ்த்துவிட்டது. அப்பா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை அந்தப் பையன் போனில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே ஒட்டியிருக்கிறான். ப்ரூஃபைத் திறந்தால் 'மூன்று மின்கலங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு துப்பாக்கிகள்'. பீரங்கிப் பிரிவான பேட்டரி மின்கலம் ஆகிவிட்டது, பீரங்கியைச் சொல்லும் 'கன்' துப்பாக்கி ஆகிவிட்டது. மொத்தம் 18 துப்பாக்கி, எங்கள் ஊர்த் திருவிழா பந்தோபஸ்துக்கே பத்தாது! பீரங்கிப் படையின் நினைவாக 2022-இல் கன் ஹில் என்று பெயர் சூட்டிய, திராஸ் பக்கத்து 5140 சிகரம் 'துப்பாக்கி மலை' ஆகியிருந்தது. 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ, அதைப் பனியில் தூக்கித் தூக்கித்தான் அப்பாவுக்கு இடுப்பே போச்சு. ஆங்கிலத்தில் 'ஷெல்' என்று இருந்த அந்தக் குண்டு 'ஓடு' என்று வந்திருந்தது. "ஏம்பா, நாங்க என்ன கூரை வேயவா கார்கிலுக்குப் போனோம்?" என்றார் அப்பா. அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அட்டையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. டாங்கி படம். பத்திரிகைகளே டாங்கியையும் பீரங்கி என்றுதான் எழுதுகின்றன, பையனை மட்டும் திட்டி என்ன பயன்? ஆனால் பீரங்கி ரெஜிமென்ட்டுக்குத் தனிக் கொடி கிடையாது, பீரங்கியே அவர்களுக்குக் கொடி, சல்யூட்டும் அதற்குத்தான். அட்டையில் வேறு எவனோ ஒருத்தன் கொடியை ஏற்றி வைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. தெலுங்குப் பக்கத்தில் ஒரு பிழை இல்லை என்பது இன்னொரு எரிச்சல்.

ஓனர் தகராறு பண்ணவில்லை. அட்டையைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், உள்ளே திருத்தியதற்கு மட்டும் தனியாக 400 ரூபாய். அதற்கும் அப்பாவே இரண்டு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூணு மணி டீ அவர்கள் கணக்கு.

தமிழ் வேலை கொடுப்பவர்கள் டைப் அடித்த ஃபைலாகவே கொண்டுபோய்விடுங்கள். மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று அந்தப் போட்டோவுக்கு. அப்புறம், கூட்டத்துக்கு வந்த ஒரு ஹவில்தார் மாமா நல்ல பிரதியோடு அந்த மின்கல ப்ரூஃபையும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.