பொன்முலாம் பியூஸ்: நீண்ட பாவனைக்குப் பிறகு

"அண்ணை, பிளக்கில இருக்கிற பியூஸை மாத்தினா அம்ப் சத்தம் திருந்துமோ? சத்தத்துக்கெண்டு பொன்முலாம் பூசின பியூஸ் ஒண்டு முப்பதினாயிரத்துக்கு வருது" என்று மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திருந்தாது. இந்த ஒரு சொல்லோடு விட்டிருப்பேன். ஆனால் சத்தத்தை ஒன்றும் செய்யாத அந்தப் பியூஸ் பிளக்கைக் கெடுத்துவிடுகிறது. அதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பாவனையில் இருப்பது 50 வாற் இரண்டு சனல் அம்ப் (அம்ப்ளிபயர்), உள்ளே 300 வீஏ (வோல்ற்-அம்பியர்) வட்ட றான்ஸ்போமர். லண்டனிலிருந்து வந்தபோதே பிளக்குக்குள் பொன்முலாம் பூசிய 13 அம்பியர் பியூஸ் இருந்தது. அதே கம்பனியின் சின்னக் கண்ணாடிப் பியூஸ் ஒன்று அம்புக்குள்ளும் இருந்தது. இரண்டும் நெடுநாள் ஓடிவிட்டன, வெயிலும் மாரியும் சோழகப் புழுதியும் கண்டுவிட்டன.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். செய்நேர்த்தி உண்மையிலேயே அழகு. பீங்கான் உடல் கனமாக இருக்கிறது, மூடிகள் அசையவில்லை. முல்லைத்தீவுக் கரைப்பக்க உப்புக்காற்றில் சாதாரண நிக்கல் மூடி மங்கிப்போகும், இதன் பொன் அப்படியே மினுங்குகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பிரிட்டிஷ் நியமம் பி.எஸ். 1362-இன்படி இந்தப் பியூஸ் முழு 13 அம்பியரில் ஓடும்போதும் 1 வாற்றுக்கு மேல் சூடு விடக்கூடாது. அப்படியானால் அதன் தடை 6 மில்லி ஓமை (ஓமின் ஆயிரத்தில் ஆறு பங்கை) தாண்டாது. வீட்டு மெயின் போர்ட்டிலிருந்து அறைக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 10 மீற்றர் இழுத்திருந்தால், போக வர 20 மீற்றர், அதன் தடை மட்டும் ஏறக்குறைய 148 மில்லி ஓம். றோட்டுத் தூணிலிருந்து வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயர், தூண் தூணாக வரும் அலுமினிய லைன், கடைசியில் இருக்கும் றான்ஸ்போமர் எல்லாவற்றையும் சேர்த்தால், ஏ-9 றோட்டை விட்டு உள்ளே போன குடியிருப்புகளில் ஒரு ஓம் வருவதும் புதினமில்லை. இதில் பியூஸின் 6 மில்லி ஓமை 4 ஆக்கினால் எதைக் கேட்பது? அம்ப் நல்லாகச் சத்தம் போடும்போதும் லைனில் எடுப்பது 1 அம்பியர் அளவுதான். பியூஸில் விழும் அழுத்தம் 6 மில்லிவோல்ற். 230 வோல்ற்றில் 6 மில்லிவோல்ற்!

வன்னியில் மின்னழுத்தம் எவ்வளவு ஆடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சட்டப்படி 230-இலிருந்து 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசி வீடுகளில் மாலை 6.30-இலிருந்து இரவு 10.30 வரையான நெரிசல் நேரத்தில் அதற்கும் கீழே இறங்கும். பக்கத்து வளவில் கிணற்று மோட்டர் ஸ்டார்ட் எடுத்தால் பல்ப் ஒருமுறை மங்கி எழும்பும். ஒரு குதிரைவலு மோட்டர் எழும்பும் கணத்தில் ஓட்டக் கறண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், 30 அம்பியர் வரை போகும். பொதுவான லைனில் ஒரு ஓம் இருந்தால் 30 வோல்ற் அந்தக் கணத்தில் காணாமல் போய்விடும்.

சரி, 230 வோல்ற் 205 ஆனால் சத்தத்துக்கு என்ன நடக்கும்? அம்பின் உச்ச வலு ஏறக்குறைய 20 வீதம் குறையும். சத்தத்தை அளக்கும் டெசிபெல்லில் அது 1. அதுவும் வொலியூமை முட்டக்கூட்டி வைத்தால்தான் தெரியும். அளவான சத்தத்தில் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றர்களும், முன்பகுதியின் ரெகுலேற்றர்களும், அம்பின் பின்னூட்டமும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். 25 வோல்ற் விழுந்தே இவ்வளவுதான் மாற்றம் என்றால், 2 மில்லிவோல்ற்றில் பாட்டுக்காரரின் குரல் முன்னே வந்து நிற்கும் என்று எழுதுகிறவர்கள் எந்த அடிப்படையில் எழுதுகிறார்கள்?

"லைன் அழுக்கை வடிக்கும், பின்னணி அமைதியாகும்" என்றும் ஒரு பேச்சு உண்டு. ஒரு அங்குல நேர்க்கம்பியின் இன்டக்டன்ஸ், அதாவது வேகமாக மாறும் கறண்டை எதிர்க்கும் குணம், 20 நானோஹென்றி அளவு. 100 கிலோஹேர்ட்ஸிலும் அது 13 மில்லி ஓம்தான். அதை வைத்து எதையும் வடிக்க முடியாது. பெட்டியில் அம்புக்குறி போட்டு "இந்தப் பக்கம் பார்க்க வை" என்று அச்சடித்திருப்பது இன்னும் கோபத்தை வரவைக்கிறது. 50 ஹேர்ட்ஸ் கறண்ட் ஒரு செக்கனில் 100 தடவை திசை மாறுகிறது. எந்தத் திசையைக் காட்டுகிறது அந்தக் குறி?

ஆனால் மாற்றியவுடன் வித்தியாசம் கேட்டது என்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு உண்மையிலேயே கேட்டிருக்கும். இந்தப் பாவனையில் கிடைத்த ஒரே சந்தோசம் அதன் காரணம் பிடிபட்டதுதான்: கேட்டது பியூஸ் அல்ல, தொடுகை.

13 அம்பியர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பியூஸின் ஒரு பக்கம் லைவ் முள்ளோடு சேர்ந்த கிளிப், மறுபக்கம் வயர் பூட்டும் ஸ்குறூவோடு சேர்ந்த கிளிப். நாட்பட்ட பிளக்கில் இந்தக் கிளிப்புகளில் பழுப்பு நிறப் படலம் படிந்திருக்கும். கரைப்பக்கம் என்றால் பச்சையும் சேரும். பழைய பியூஸைப் பிடுங்கிப் புதியதை அழுத்தும்போது அந்தப் படலம் உரசிப் போய்விடும். இடையிடையே ஸ்பீக்கரில் வந்த "கிர்" சத்தம் நின்றுவிடும். பெயர் புதுப் பியூஸுக்குப் போய்விடும். அதே பழைய பியூஸை நாலு தரம் கழற்றிக் கழற்றிப் போட்டாலும் அதே பலன்தான்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சாதாரண மல்ட்டிமீற்றரின் ஓம் அளவையில் மில்லி ஓம் தெரியாது, வேறு வழி வேண்டும். பிளக்கைச் சொக்கெற்றிலிருந்தும் அம்பிலிருந்தும் முழுதாகக் கழற்றி மேசையில் வையுங்கள். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பற்றரி, அதோடு தொடராக 21 வாற் சிக்னல் பல்ப், பிறகு பிளக்கின் லைவ் முள், பியூஸ் வழியாக லைவ் ஸ்குறூ, அங்கிருந்து பற்றரியின் மறுமுனை. பல்பு இல்லாமல் ஒருபோதும் பற்றரியைத் தொடுக்க வேண்டாம். பல்பு எரியும்போது 1.7 அம்பியர் அளவு ஓடும். மீற்றரை 200 மில்லிவோல்ற்றில் வைத்து, ஊசிகளைப் பியூஸின் இரு மூடிகளிலும் தொடுங்கள். நல்ல 13 அம்பியர் பியூஸில் 10 மில்லிவோல்ற்றுக்குள் காட்டும், பொன் பூசியதிலும் பூசாததிலும் அதே வரிசைதான். இப்போது ஊசிகளை லைவ் முள்ளிலும் லைவ் ஸ்குறூவிலும் வையுங்கள். இந்த இரண்டாவது எண் முதலாவதைவிட ஓரிரு மில்லிவோல்ற் கூடினால் கிளிப் நல்லது. பல மடங்கு கூடினால், அல்லது பியூஸை விரலால் அசைக்கும்போது எண் துள்ளினால், அங்கேதான் வியாதி.

இனி என் முறைப்பாடு. இந்தப் பியூஸின் மூடி தடிப்பு. நியமப்படி விட்டம் கால் அங்குலம், 6.3 மில்லிமீற்றர் சொச்சம். இதைத் தடிப்பு அளக்கும் வேர்ணியரில் வைத்தால் 6.5-ஐத் தாண்டுகிறது. முலாமும் அதன் கீழ் உள்ள தடித்த மூடியும் சேர்ந்து வந்த வினை. பிளக்கின் கிளிப் மெல்லிய வில் தகடு. தடித்த மூடி அதை அகட்டிவிடும், மாதக்கணக்கில் அகண்டபடி இருந்த தகடு பழைய இடத்துக்குத் திரும்பாது. பிறகு கடையில் வாங்கிய சாதாரணப் பியூஸைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். அம்பில் இருக்கும்வரை ஆபத்து இல்லை, 1 அம்பியருக்கு அது சூடேறாது. ஆனால் நமது வீடுகளில் பிளக்கும் எக்ஸ்ரென்சனும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதே பிளக்கை நாளைக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலுக்கு மாட்டினால் 8 அம்பியர் ஓடும். தொடுகையில் 50 மில்லி ஓம் இருந்தால் 3 வாற்றுக்கு மேல் சூடு அந்தச் சின்ன இடத்திலேயே பிறக்கும். லைவ் முள் பக்கத்துப் பிளாஸ்ரிக் முதலில் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும், பிறகு மீன் வாடை போல ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் பிளக்கைத் திருத்தப் பார்க்காமல் வெட்டி எறியுங்கள்.

இன்னொன்று, உடலில் பி.எஸ். 1362 என்ற எண்ணோ நியம முத்திரையோ இல்லை. பிளக் பியூஸ் 6000 அம்பியர் ஷோர்ட்டைப் பத்திரமாக அறுக்கவேண்டும், அதற்காகத்தான் உள்ளே மணல். எண் பொறிக்காத பியூஸ் அதைச் செய்யும் என்று யார் பொறுப்பேற்பது? மணல் இல்லாத போலிப் பியூஸ்கள் சந்தையில் இருப்பதும் உண்மை, ஷோர்ட்டில் அவை வெடிக்கும். சில்லறை விலைப் பியூஸில் இருக்கும் முத்திரை இந்த விலையில் இல்லாதது மன்னிக்க முடியாத குறை.

அம்புக்குள் இருக்கும் 20 மில்லிமீற்றர் பியூஸுக்கு வருவோம். பின்பக்கத்தில் T2AL250V என்ற மாதிரி அச்சடித்திருப்பார்கள். டீ என்றால் மெதுவாக அறுவது. வட்ட றான்ஸ்போமர் சுவிச் போட்ட கணத்தில் பெரிய கறண்டைக் குடிக்கும், உடனே அறும் எஃப் வகை போட்டால் நல்ல அம்பிலும் அறுந்துகொண்டே இருக்கும். எல் என்றால் குறைந்த ஷோர்ட் கறண்டை மட்டும் அறுக்கும் வகை, பெரும்பாலும் கண்ணாடி. எச் என்றால் கூடிய கறண்டையும் அறுக்கும் வகை, பெரும்பாலும் பீங்கானும் மணலும். எல் கேட்கும் இடத்தில் எச் போடலாம், மறுபக்கம் கூடாது. அம்பியர் மட்டும் அசையவே கூடாது. "ஒரு படி கூடின அம்பியர் போட்டால் சத்தம் திறக்கும்" என்று இந்தப் பியூஸ்களோடு வரும் ஆலோசனை ஆபத்தானது. 2 அம்பியர் இடத்தில் 3.15 போட்டால், றான்ஸ்போமர் சுருள் பாதி ஷோர்ட்டான நிலையில் பியூஸ் அறாது, சுருள்தான் எரியும். அறுந்த பியூஸில் சிகரெட் பெட்டித் தாள் சுற்றுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அதை இன்றும் செய்கிறார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். ஸ்பீக்கர் லைனில் பியூஸ் வைத்த அம்புகள் உண்டு. அங்கே பியூஸ் கம்பி தாழ்ந்த சுருதியில் சூடாகி ஆறும்போது தடை மாறி, திரிபு அளக்கக்கூடியதாகவே வரும். அதை வைத்து மெயின்ஸ் பியூஸுக்கும் வக்காலத்து வாங்குகிறார்கள். ஸ்பீக்கர் லைனில் பியூஸ் நேரே பாட்டின் பாதையில் இருக்கிறது. மெயின்ஸ் பியூஸுக்கும் பாட்டுக்கும் இடையில் றான்ஸ்போமரும் டயோட்டும் ஆயிரக்கணக்கான மைக்ரோபரட் கப்பாசிற்றர்களும் நிற்கின்றன.

கேட்டே பார்க்கவேண்டும் என்பவர் முறையாகச் செய்யட்டும். அம்ப் சூடாகி நிற்கவேண்டும், மீற்றரில் லைன் அழுத்தம் ஒரே அளவாக இருக்கவேண்டும், வொலியூம் கைபடாமல் இருக்கவேண்டும். எந்தப் பியூஸ் உள்ளே என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது, மாற்றும் ஆள் நாணயம் சுண்டி முடிவெடுக்கட்டும். மாற்றாத தடவையிலும் பிளக்கைக் கழற்றிப் பூட்டவேண்டும். பத்துத் தடவையில் ஒன்பது சரியாகச் சொன்னால்தான் கணக்கு. குருட்டுவாக்கில் அது வர ஏறக்குறைய 1 வீத வாய்ப்புத்தான். எட்டு வந்தால் நம்பாதீர்கள். தெட்சணாமூர்த்தியின் தவில் எனக்கு உயிர், ஆனால் இந்தப் பரிசோதனைக்கு அந்தப் பழைய நாடாப் பதிவுகள் உதவாது. பதிவின் இரைச்சலே மேலே நிற்கும். சுத்தமான புதுப் பதிவு ஒன்றை, அதிலும் ஒரே அரை நிமிடத்தை எடுங்கள்.

முப்பதினாயிரம் கையில் இருந்தால் போர்ட்டிலிருந்து அம்புக்கென்று தனி லைன் இழுங்கள், 2.5 வயர், தனி பிறேக்கர். எர்த் கம்பியைப் பாருங்கள். நமது மண் ஆவணி வெயிலில் காய்ந்து இறுகும்போது எர்த் தடை ஏறும், மாரியில் அளந்த எண்ணை நம்பவேண்டாம். போர்ட்டில் இடியால் திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தாங்கும் கருவி ஒன்று பூட்டுங்கள். அது இருந்தாலும் ஐப்பசி இடி தொடங்கினால் பிளக்கையும் டிஷ் வயரையும் கையால் கழற்றுவதுதான் காப்பு. 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மலிவு இன்வேட்டர் இருந்தால் அதில் அம்பைப் போடாதீர்கள். அந்தச் சதுர அலையில் வட்ட றான்ஸ்போமர் உறுமும், அந்த உறுமலை எந்தப் பியூஸும் நிறுத்தாது. சுவர் சொக்கெற்றின் துவாரங்களில் வேட்டுவன் குளவி மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், எர்த் துவாரம்தான் அதற்கு விருப்பமான இடம்.

சத்தத்துக்கு இதற்கு நான் ஒரு புள்ளியும் தரமாட்டேன். செய்நேர்த்திக்குத் தந்திருப்பேன், அகண்ட கிளிப்பைப் பார்த்த பிறகு அதற்கும் மனமில்லை. இப்போது ஓடுவது முத்திரை உள்ள சாதாரண 5 அம்பியர் பியூஸ், புதிய பிளக். அம்பின் 0.75 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 13 அம்பியர் தேவையும் இல்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் வேர்ணியர் வைத்துப் பாருங்கள். 6.4-ஐத் தாண்டினால் போடவேண்டாம். போட்டு ஓடியிருந்தால் பியூஸை மட்டும் மாற்றி நிறுத்தாமல் பிளக்கையும் மாற்றுங்கள். புதிய பிளக்கில் வயர் முனையை இரட்டையாக மடித்து ஸ்குறூவை இறுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, ஒரு மணித்தியாலம் பாட்டுப் போட்டபின் லைவ் முள் பக்கத்தை வெளியே தொட்டுப் பாருங்கள். சூடு தெரியக்கூடாது.