ஒரே பாட்டு, நாலு பதிவு: போன், யூஎஸ்பி மைக், பிக்கப், இன்டர்ஃபேஸ்

சொந்தமாகப் பாட்டு எழுதி வீட்டிலேயே பதிகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி, "எதுல ரெக்கார்ட் பண்றீங்க?" கிட்டார் எடுத்து ஆறு வருஷமாகிறது, நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொருவரும் தான் வாங்கியதைத்தான் சிறந்தது என்றார்கள். இதுவரை ஒன்பது பாட்டு முடித்திருக்கிறேன். முடித்தது என்றால் முதலில் இருந்து கடைசி வரை ஒரு ஃபைலாக இருக்கிறது, அவ்வளவுதான். கேட்கிற மாதிரி இருப்பது மூன்று.

போன மாதம் இரண்டு ராத்திரி உட்கார்ந்து என் மூன்றாவது பாட்டை, அதே கிட்டார், அதே தந்தி, அதே அறை, நாலு விதமாகப் பதிந்து ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒலித்தரம் வேறுபடும் என்பது தெரிந்ததுதான், அதற்காக இந்தச் சோதனை தேவையில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. நாலும் என் வாசிப்பில் வெவ்வேறு குறையைக் காட்டுகின்றன, வெவ்வேறு குறையை மூடி வைக்கின்றன. அந்தக் கணக்கில்தான் இங்கே ஒப்பிடுகிறேன், விலைக் கணக்கில் ஒப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இடம் பற்றி ஒரு வரி. சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட், பத்துக்குப் பதினொன்று படுக்கையறை, ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி, தலைக்கு மேல் ஃபேன். மே மாதம் ஃபேனை அணைத்துவிட்டு நாலு நிமிஷப் பாட்டைப் பாடி முடிப்பது தனிக் கலை. கிட்டார் சாதாரண ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக், உள்ளே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றுவது) உண்டு.

போனில் இருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பல்லவி மனசில் வருகிறது, லேப்டாப்பைத் திறந்து வயர் மாட்டி லெவல் பார்ப்பதற்குள் அது போய்விடும். போனை எடுத்தால் ஐந்து விநாடி. என் ஒன்பதில் ஏழு பாட்டின் மெட்டு போனில் பிறந்ததுதான், இன்னும் "புது ரெக்கார்டிங் 214" என்ற மாதிரிப் பெயர்களோடு கிடக்கின்றன. மேஜையில் அப்படியே வைக்காமல் மடித்த துண்டின் மேல், இரண்டடி தள்ளி, சவுண்ட் ஹோலுக்கு நேராக இல்லாமல் வைத்தால் வருகிற சத்தம் மோசமே இல்லை.

ஆனால் போன் ஒரு பொய் சொல்லும். பேச்சைப் பதிவதற்காக வடிவமைத்த சாதனம் என்பதால் பெரும்பாலான போன்களில் சத்தத்தின் அளவைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு இருக்கிறது: மெதுவாக வாசித்தால் தூக்கிக் காட்டும், ஓங்கி அடித்தால் அமுக்கிவிடும். விளைவு, சரணத்தில் விரலால் மீட்டியதும் பல்லவியில் பிக் என்ற சின்னப் பிளாஸ்டிக் வில்லையால் அடித்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும். இரண்டு வருஷம் என் வலது கை ரொம்ப சீராக இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். சீராக இருந்தது போன். கவனித்துக் கேட்டால் பாட்டு நிற்கும் இடைவெளிகளில் ஃபேன் சத்தம் மெல்ல எழுந்து வருவது தெரியும், அதுதான் தடயம்.

சரி, அப்போது போன் எதைக் காட்டும்? மெட்டை. அடிப்பகுதி சத்தம் இல்லாமல், அகலம் இல்லாமல், ஒரு சின்ன ஸ்பீக்கரில் அந்த மெட்டு நிற்கிறதென்றால் எங்கேயும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற மூன்றும் போனுக்குப் பக்கத்தில் வர முடியாது, ஏனென்றால் அவற்றில் எல்லாமே கொஞ்சம் அழகாகக் கேட்டு ஆளை ஏமாற்றும். இன்னொன்று, பதிந்ததை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மைக் பட்டனை அழுத்தி வாய்ஸ் நோட்டாக அனுப்பாதீர்கள், அது பேச்சுக்கான அளவில் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். இது தெரியாமல் ஒரு வருஷம் என் தங்கை "அண்ணா, நீ தண்ணிக்குள்ள உக்காந்து பாடினியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது யூஎஸ்பி மைக். லேப்டாப்பில் நேராகச் செருகிப் பதியலாம், தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். முதல் நாள் கேட்டபோது எனக்கு அதிர்ச்சிதான். போன் அமுக்கி வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது: ஜி கார்ட் (பல தந்தி சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஓங்கி, அடுத்து வருகிற ஈ மைனர் தேய்ந்து, பல்லவியில் வலது கை கோபக்காரன் மாதிரி. கூடவே பக்கத்து வீட்டு டிவி, தெருநாய், கிட்டார் கழுத்தில் விரல் நகரும்போது வருகிற கீச்சுச் சத்தம். இவற்றில் பெரும்பாலானவை கண்டென்சர் வகை, நுணுக்கமாகக் கேட்கும் காது. அறை மோசமென்றால் அறையையும் சேர்த்துப் பதியும்.

இதற்கு முட்டை அட்டை ஒட்டுவது மருந்து என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வெளிச் சத்தத்தை அது துளியும் தடுக்காது, எதிரொலியிலும் மேல் ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தொடும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துத் துணிகளுக்கு எதிரே உட்கார்ந்தது எனக்கு அதைவிட உதவியது, முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டேன், செலவு பூஜ்யம். இன்னொரு சின்ன விஷயம்: இந்த வகையில் நிறைய மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை, உச்சியில் அல்ல. நான் மூன்று வாரம் மேடைப் பேச்சாளர் மாதிரி உச்சிக்கு நேரே பாடிக்கொண்டிருந்தேன்.

யூஎஸ்பி மைக்கின் உண்மையான கட்டுப்பாடு, அது ஒரே ஒரு காது. வாசித்துக்கொண்டே பாடினால் குரலும் கிட்டாரும் ஒன்றாகத்தான் போய் விழும், பிறகு சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். குரல் தூக்கலாக இருந்தால் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும், கிட்டார் போதவில்லை என்றால் மைக்கை இறக்க வேண்டும், ஒரு வார்த்தை தவறினால் முழுப் பாட்டும் மறுபடி. மூன்றாவது பாட்டை இதில் முதன்முறை பதிந்தபோது இருபத்திமூன்று டேக் (முதலிலிருந்து ஒரு முயற்சி ஒரு டேக்) ஆனது. இருபதாவது டேக் அருமையாகப் போய்க்கொண்டிருக்கையில் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஆனால் அந்த இருபத்திமூன்று டேக்கில்தான் கிட்டாரைத் தாண்டிக் கத்தாமல் கிட்டாரோடு சேர்ந்து பாடக் கற்றேன், அதற்கு முன்னால் நான்கு வருஷம் கத்தியிருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிக்கப்பை நேராக இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியில், செருகிப் பதிவது மூன்றாவது வழி. ஃபேன் ஓடலாம், குக்கர் விசில் அடிக்கலாம், தெருவில் கல்யாண ஊர்வலமே போகலாம், எதுவும் கேட்காது, ஏனென்றால் அந்த பீசோ பிக்கப் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை, தந்தி உட்கார்ந்திருக்கும் இடத்தின் அதிர்வை மட்டும் எடுக்கிறது. அதனாலேயே மரத்தின் சத்தம் அதில் இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் ரப்பர் பேண்ட் கட்டி மீட்டின மாதிரி ஒரு கடினம். முடிந்த பாட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ங் என்று ஒரு முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படித்தான் உள்ளே நுழையும், எனக்குப் பாதி நேரம் அதோடு போய்விட்டது.

ஆனாலும் என் வாசிப்பை அதிகம் திருத்தியது இந்த அசிங்கமான சத்தம்தான். ஒவ்வொரு அடியும் கூர்மையாக விழுவதால், தாளத்தை க்ளிக் க்ளிக் என்று எண்ணும் மெட்ரோனோம் போட்டு வாசித்துத் திரையில் பார்த்தால் எந்த அடி க்ளிக்குக்கு முன்னால் ஓடியது, எது பின்னால் இழுத்தது என்று கண்ணாலேயே எண்ணலாம். எனக்குப் பல்லவி வந்தால் ஓடுகிற வியாதி. அதை முதலில் கண்டுபிடித்தது திரை இல்லை, அம்மா. கிட்டார் பற்றி ஒன்றும் தெரியாத அம்மா, காய் நறுக்கிக்கொண்டே, "பாட்டு நல்லாத்தான்டா இருக்கு, ரெண்டாவது தடவை வர்றப்ப மட்டும் ஏன் யாரோ துரத்தற மாதிரி பாடற?" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிக்கப் டிராக்கைத் திரையில் போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொண்டேன்.

கடைசியாக, இன்டர்ஃபேஸும் இரண்டு மைக்கும். எல்லோருடைய கனவும் இதுதான், என் சேமிப்பு போனதும் இதில்தான். இரண்டு மைக் இன்புட் உள்ள பெட்டி வாங்குங்கள், ஒன்று மட்டும் உள்ளதை வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் விற்றவர்களை எனக்குத் தெரியும். கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பட்டனைப் பெட்டியில் அழுத்த வேண்டும், ஷூர் எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. அறை சரியில்லாதவர்களுக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்வேன், கிட்டத்தில் வைத்துப் பதியலாம், தெரு அவ்வளவாக உள்ளே வராது. கிட்டாருக்கான மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி) நேராக அரை அடி முதல் ஒரு அடி தள்ளி வையுங்கள். சவுண்ட் ஹோலுக்கு நேரே வைத்தால் பானையைத் தட்டின மாதிரி கும்மென்று வரும். லெவல் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தால் போதும், 24 பிட்டில் பதியும்போது சிவப்பு வரை தள்ளவே தேவையில்லை. என் வாழ்க்கையின் சிறந்த டேக் ஒன்று சிவப்பில் வெடித்துப்போய் அப்படியே கிடக்கிறது, அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

பாடும்போது உங்கள் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை, மென்பொருளில் குறையுங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் 512 சாம்பிள் பஃபர் என்றால் அதுவே 11.6 மில்லி விநாடி, போக வர இன்னும் கூடும், தாளம் கெட அது போதும். அல்லது பெட்டியிலேயே இருக்கும் நேரடிக் கேட்பு பட்டனை அழுத்திவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. மென்பொருளுக்குக் காசு செலவழிக்க அவசரம் வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பர் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இப்போது மூடி வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நாலில் மிக அதிகம் மறைப்பது இந்த விலை கூடின ஏற்பாடுதான். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று தனித்தனி டிராக் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, பாட்டைத் துண்டு துண்டாகப் பதிந்தது. ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்த வேண்டிய எஃப் பார் கார்ட் சரியாக விழவில்லையா, அந்த ஒரு இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டு. ஒரு வரி சுருதி இறங்கியதா, அந்த வரியை மட்டும் பாடு. ஆறாவது பாட்டு இப்படிப் பதினொரு துண்டில் ஆனது. கேட்டவர்கள் எல்லாம் "முன்னேறிட்டடா" என்றார்கள். அப்புறம் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் அதே பாட்டை வாசிக்கச் சொன்னார்கள், என்னால் இரண்டாவது சரணத்தைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பாட்டை முழுதாக நான் ஒருமுறைகூட வாசித்ததே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. போன் என் வலது கையை மறைத்தது, இன்டர்ஃபேஸ் என்னையே மறைத்துவிட்டது.

டிராக்குக்கு எல்லை இருந்த காலத்துக் கதை ஒன்று. டாஸ்கம் கம்பெனி 1979இல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்று நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் கொண்டு வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரி வாக்கில் நியூ ஜெர்சி வீட்டின் படுக்கையறையில் அதையும் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துப் பதிந்த மாதிரிப் பாட்டுகள்தான், பின்னால் பேண்டோடு ஸ்டுடியோவில் முயன்றும் அந்தக் களை வராததால், 'நெப்ராஸ்கா' என்று அப்படியே ஆல்பமாக வெளிவந்தன. கிட்டாரும் குரலும் ஒரே மூச்சில், மிச்சமிருக்கும் இரண்டு டிராக்கில் ஏதாவது சேர்க்கலாம், அதற்கு மேல் இடம் கிடையாது. என் லேப்டாப்பில் டிராக்குக்குக் கணக்கே இல்லை, அந்தக் கணக்கில்லாததில்தான் ஆறாவது பாட்டு பதினொரு துண்டானது.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்வது இது. கிட்டார் எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை என்றால் போன் போதும், காசைப் புதுத் தந்தி வாங்கவும் நல்ல வாத்தியாருக்கும் வையுங்கள், துருப்பிடித்த தந்தியை எந்த மைக்கும் காப்பாற்றாது, அதுவும் நம் கடலோரக் காற்றில். ஒரு வருஷம் தாண்டி நாலைந்து பாட்டு கையில் இருந்தால் யூஎஸ்பி மைக். இன்டர்ஃபேஸுக்கு நேராகத் தாவுவதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் யூஎஸ்பி மைக் கொடுக்கிற அந்தத் தண்டனையைத் தாண்டாமல் போகிறவர்கள் ஒட்டுவேலைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். க்ளிக்கா க்ளிக் இல்லாமலா என்ற சண்டையில் நான் நடுவில் நிற்கிறேன். பின்னால் டிரம்ஸ், பேஸ் சேர்ப்பதென்றால் க்ளிக் வேண்டும், தனிக் கிட்டாரும் குரலும் என்றால் க்ளிக் போட்டுப் பழகிவிட்டு அது இல்லாமல் பதியலாம். க்ளிக் போடும்போது காதை முழுதாக மூடும் ஹெட்போன் போடுங்கள், இல்லையென்றால் டிக் டிக் என்று அதுவும் மைக்கில் ஏறும்.

பத்தாவது பாட்டு இப்போது நடக்கிறது. மெட்டு போனில் இருக்கிறது, வழக்கம்போல. இரண்டு வாரமாக ஃபேன் ஓட, பிக்கப்பை மாட்டி க்ளிக்கோடு வாசிக்கிறேன், பல்லவி இப்போது கொஞ்சம்தான் ஓடுகிறது. பதிவுக்கு இரண்டு மைக்கையும் வைத்து, குரலும் கிட்டாரும் ஒன்றாக, ஒட்டுவேலை கிடையாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். நேற்று ஒன்பது டேக், ஒன்பதிலும் அந்த எஃப் கார்டில் கீழ்த் தந்தி ஒன்று ஊமையாகிறது. தண்ணீர் லாரி காலை ஐந்து மணிக்கு வரும், அதற்கு முன்னால் எழுந்தால் ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கும்.