ககன், ஆர்டிகே, பிபிபி: ஜிபிஎஸ் பிழையைத் திருத்த எது தேவலை?

நகரத்துக்குள் மேப்பில் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவினால், பெரும்பாலும் கட்டடத்தில் மோதித் திரும்பிய சிக்னல்தான் காரணம். ஜிபிஎஸ்ஸின் வழக்கமான எல்1 அலைவரிசையோடு எல்5-ஐயும் பிடிக்கிற போன் இருந்தால் இது நன்றாகவே குறையும். 2018-ல் ஷாவ்மி மி 8-ல் வந்த வசதி, இப்போது பல போன்களில் இருக்கிறது. நிலம் அளப்பது, விமானம் இறக்குவது என்று வந்தால் அது போதாது, பிழையைக் கணக்கிட்டுச் சரிசெய்கிற திருத்தச் சேவை வேண்டும். ஆர்டிகே, பிபிபி, ககன் மூன்றும் அந்த வகைதான்.

துல்லியத்தில் ஆர்டிகேயை (Real-Time Kinematic, பக்கத்து நிலையத்தை வைத்து உடனுக்குடன் திருத்துவது) அடிக்க ஆளில்லை. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு பேஸ் ஸ்டேஷன், கையில் ஒரு ரிசீவர், இரண்டுக்கும் வந்து சேரும் அலையை (எல்1 அலைநீளமே சுமார் 19 செ.மீ.தான்) ஒப்பிட்டால் சில செ.மீ.க்குள் இடம் கிடைத்துவிடும். ஆனால் பேஸை விட்டு 10, 20 கி.மீ. தள்ளிப் போகப் போக, சிக்னலைத் தாமதப்படுத்துகிற அயனி மண்டலம் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு) இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, துல்லியமும் நழுவும். இதைச் சமாளிக்கத்தான் சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க நிரந்தர நிலையங்களை வைத்திருக்கிறது. கிராமக் குடியிருப்பு நிலங்களை அளக்கும் மத்திய அரசின் ஸ்வமித்வா திட்டத்தின் ட்ரோன் அளவைக்கும் அவைதான் கைகொடுக்கின்றன. திருத்தம் நெட் வழியாக வருவதால், நெட் கிடைக்காத கிராமத்தில் அந்தச் சேவையும் படுத்துவிடும் என்பது வேறு கதை.

பிபிபிக்கு (Precise Point Positioning, ஒரே ரிசீவரை வைத்துத் துல்லியமாக இடம் காண்பது) பக்கத்தில் பேஸ் வேண்டாம். ஜிபிஎஸ் மாதிரி ஐரோப்பா நடத்துகிற கலிலியோ 2023 ஜனவரியிலிருந்து செயற்கைக்கோள் வழியாகவே திருத்தங்களை இலவசமாக அனுப்புகிறது. இலக்கு சுமார் 20 செ.மீ. நடுக்கடலில் பிரமாதம், ஆனால் அந்தத் துல்லியத்துக்கு வந்து நிலைப்பட நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ககன். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்தது. 15 தரை நிலையங்களின் அளவீட்டிலிருந்து பிழையைக் கணக்கிட்டு ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக அனுப்புகிறது. துல்லியம் ஓரிரு மீட்டர்தான், சர்வேயர் சிரிப்பார். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்தே அனுப்புகிறது, சிக்னலை நம்ப முடியாத நிலை வந்தால் சில நொடிகளில் எச்சரித்தும் விடுகிறது. இந்த உத்தரவாதம் இருப்பதால்தான் 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககனை வைத்துத் தரையிறங்க முடிந்தது. சாதாரண ஆர்டிகே ரிசீவர் சில சமயம் தப்பான விடையையும் ‘ஃபிக்ஸ்’ (இடம் உறுதி) என்றே காட்டும்.

குறையும் உண்டு. ககன் எல்1-ஐ மட்டும் நம்புகிறது, நிலநடுக்கோட்டுப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு அயனி மண்டலம் போடுகிற ஆட்டத்தில் அது திணறும். யாராவது ஜாமர் வைத்து சிக்னலையே அமுக்கிவிட்டால், மூன்றுமே அம்பேல்.