ஒரு வாளி வெந்நீரின் விலை: கீசர், ஹீட்டர் ராடு, கேஸ் அடுப்பு ஆகியவற்றின் ஒப்பீடு

வெந்நீர்க் குளியலுக்குக் கீசர் மலிவா, கேஸ் அடுப்பு மலிவா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தண்டையார்பேட்டையில் ஒரே தெருவில், ஒரே அளவுள்ள கீசரை வைத்திருக்கும் மூன்று வீடுகளில், ஒரு வாளி வெந்நீருக்கு ஆகும் மின்செலவு முக்கால் ரூபாயாகவும், இரண்டு ரூபாயாகவும், மூன்றரை ரூபாய்க்கு மேலாகவும் இருக்க முடியும். இந்த வேறுபாட்டுக்குக் கருவி காரணமல்ல. அந்த வீட்டின் இரண்டு மாத மின் பயன்பாடு எந்தக் கட்டணப் படியில் போய் நிற்கிறது என்பதே காரணம். கடைக்காரர் கருவியின் நட்சத்திரங்களைக் காட்டுவார். வாங்குபவர் அதற்கு முன் தம் வீட்டு மின்கட்டண அட்டையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் வெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். வடசென்னையில் மார்கழி, தை மாத அதிகாலைகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்பதால், மாடித் தொட்டி நீரை 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். குளிக்க இதமான நீர் 40 டிகிரி. அப்படியானால் 20 லிட்டர் வாளி ஒன்றை 15 டிகிரி ஏற்றுவதற்கு 300 கிலோ கலோரி, அதாவது 0.35 யூனிட் போதும். உதகையில் 12 டிகிரி நீரைச் சூடாக்குபவருக்கு இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். மலையூர்களிலும் வட மாநிலங்களிலும் குளிர்காலத்துக்குப் போட்ட கணக்குகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வாளியா, ஷவரா என்பது அடுத்த கேள்வி. எரிபொருளை மாற்றுவதைவிட இதில்தான் செலவு அதிகம் மாறுகிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் ஐந்து நிமிடம் நின்றால் 50 லிட்டர், அதாவது 0.87 யூனிட். வாளியில் குளிப்பவரைப் போல இரண்டரை மடங்கு செலவு; நீரும் அதே விகிதத்தில் கூடும் என்பது லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்குத் தனிக் கவலை. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடான நீரைத் தொட்டி நீருடன் கலந்தால் 35 லிட்டர் கிடைக்கும்; ஷவரில் அது மூன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். 3,000 வாட் கொண்ட மூன்று லிட்டர் உடனடிக் கீசரோ, சேர்த்து வைத்த சூடு தீர்ந்தபின், நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே 40 டிகிரி நீரைத் தர முடியும். அந்த மெல்லிய தாரையைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். சிக்கனத்தைக் கருதுபவர் அதை நிறையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனி மின்கட்டணம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீதப்படி, இரண்டு மாதங்களில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய்ப் படி மறைந்து, 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டும் 4.70 ரூபாய் ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40 ரூபாய், அதற்குமேல் 9.45 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும். வீதங்கள் பின்னர் மாறினாலும் கணக்கிடும் முறை இதுதான். இதில் கவனிக்க வேண்டிய இடம் 500-க்கும் 501-க்கும் நடுவே இருக்கிறது. அந்த ஒரு யூனிட்டின் உண்மையான விலை 8.40 ரூபாய் அல்ல. முந்தைய சலுகையும் பறிபோவதால் 243.40 ரூபாய்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் அறுபது நாள்களுக்கு ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளிக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 240 வாளி. கீசரின் சுவர் வழியாகவும் குழாய் வழியாகவும் ஆறிப்போகும் வெப்பத்தையும் சேர்த்து வாளிக்கு 0.40 யூனிட் என்றால் 96 யூனிட் ஆகிறது. வெந்நீர் இல்லாமல் 80 யூனிட் மட்டுமே செலவழிக்கும் சிறு வீட்டில் இந்த 96-இல் இருபது இலவசமாகவே போய்விடும். மீதிக்குக் கூடுதலாக 179 ரூபாய்தான், வாளிக்கு முக்கால் ரூபாய். 320 யூனிட் வீடு 416-க்குப் போகும். கூடுதல் 477 ரூபாய், வாளிக்கு இரண்டு ரூபாய். 420 யூனிட் வீடு 516-க்குப் போகும், 1,301 ரூபாயாக இருந்த கட்டணம் 2,174 ரூபாயாகும், வாளிக்கு 3.64 ரூபாய். இந்த மூன்றாவது வீடு கீசரைக் குறை சொல்லும். ஆனால் அந்த 873 ரூபாயில் 235 ரூபாய் சலுகை பறிபோனதால் வந்தது. கடைசிப் பதினாறு யூனிட்டை மட்டும் வேறு வழியில் மிச்சம் பிடித்திருந்தால், உதாரணமாக இரண்டு மாதத்தில் நாற்பது வாளியைக் கேஸ் அடுப்பில் காய்ச்சியிருந்தால், அந்த எல்லையைத் தாண்டியிருக்காது.

நம் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. வெந்நீர் தேவைப்படும் மாதங்களில் ஏ.சி. ஓடுவதில்லை, ஏ.சி. ஓடும் சித்திரை, வைகாசியில் மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியே பிற்பகலில் கையைச் சுடும் நீரைத் தந்துவிடுகிறது. ஆகவே கோடையில் 700 யூனிட்டைத் தொடும் வீடும் மார்கழியில் 300 யூனிட் அளவில் நிற்க வாய்ப்புண்டு. வெந்நீருக்கான யூனிட் பெரும்பாலும் 4.70 ரூபாய்ப் படியில் விழுவதால், ஆண்டின் மிக உயர்ந்த கட்டணத்தைப் பார்த்துப் பயந்து கீசரை ஒதுக்குவது தவறான முடிவாகிவிடும்.

கேஸ் அடுப்புக்கு வருவோம். 2025 ஏப்ரலில் விலை உயர்ந்தபின் சென்னையில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் 868.50 ரூபாயாக இருந்தது, கிலோவுக்கு 61 ரூபாய்; இங்குள்ள கணக்கு அந்த விலையில் போட்டது. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. அகலப் பாத்திரத்தில் காய்ச்சும்போது அதில் அறுபது விழுக்காடு நீரில் இறங்கினால் நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு வாளிக்கு 45 கிராம், 2.80 ரூபாய். 240 வாளிக்கு 670 ரூபாய், முக்கால் சிலிண்டருக்குச் சற்று மேல். யாரும் இருபது லிட்டரை அடுப்பில் ஏற்றுவதில்லை. நான்கு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து பதினாறு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் அதே 40 டிகிரி வந்துவிடும். ஆனால் கொதித்தபின் அடுப்பை அணைக்காமல் விடுவதுதான் பெரும் வீண். 200 மில்லி நீர் ஆவியாகப் போனால் அது நூறு கிலோ கலோரிக்கு மேல், அதாவது வாளியின் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். மூடி போட்டு, கொதி வந்தவுடன் இறக்குபவருக்கே மேற்சொன்ன கணக்கு பொருந்தும். குழந்தைகள் ஓடியாடும் ஒண்டுக்குடித்தன வீட்டில், சமையலறையிலிருந்து குளியலறை வரை கொதிநீரைத் தூக்கிச் செல்வதன் ஆபத்து எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கேஸ் கீசர் எரிவாயுவை இன்னும் திறமாகப் பயன்படுத்துகிறது. எண்பது விழுக்காட்டுக்கு மேல் வெப்பம் நீருக்குப் போவதால் வாளிக்கு 33 கிராம், இரண்டு ரூபாய்தான் ஆகும். 6.30 ரூபாய்ப் படியிலும் அதற்கு மேலும் நிற்கும் வீட்டில், ஷவரை விரும்பும் குடும்பத்துக்குக் காகிதத்தில் வெற்றி பெறுவது இதுவே. எனினும் இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். எரியும்போது அறையின் பிராணவாயுவை உறிஞ்சி, எரிதல் முழுமையாக நடக்காவிட்டால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும் கருவி இது. நம் பகுதியின் பழைய வீடுகளில் குளியலறை என்பது ஒரு கையகலச் சன்னல் உள்ள சிறு அடைப்பு. அப்படிப்பட்ட அறையில் இதை மாட்டி மூச்சடைத்து உயிரிழந்தவர்கள் நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். திறந்த பால்கனியிலோ, வெளிச்சுவரிலோ பொருத்த இடம் இருந்தால் மட்டுமே இது ஒப்பீட்டுக்குள் வர வேண்டும்.

ஹீட்டர் ராடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீருக்குள்ளேயே சூடாவதால் வெப்ப இழப்பும் குறைவு. 1,500 வாட் ராடு ஒரு வாளியைக் கால் மணி நேரத்தில் தயார் செய்துவிடும். யூனிட் கணக்கில் கீசரைவிட இது ஒரு துளி சிக்கனம் என்பதுகூட உண்மை. அணைக்காமல் விட்ட சேமிப்புக் கீசர், யாரும் குளிக்காமலேயே நாளொன்றுக்கு முக்கால் யூனிட் அளவுக்கு இழக்கக்கூடும். ராடுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் எர்த் சரியில்லாத பழைய ஒயரிங்கில், ராடு மூழ்கிய வாளிக்குள் சூடு பார்க்க விரலை விடுபவருக்கு என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகே நீரைத் தொட வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் அதைப் பொருத்தும் செலவையும் ராடின் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் விலையைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எட்டாயிரம் ரூபாய் கீசர் பத்து ஆண்டு உழைத்து, ஆண்டுக்கு நூறு நாள் நான்கு பேருக்குப் பயன்பட்டால், ஒவ்வொரு குளியலுக்கும் இரண்டு ரூபாய் கருவிக்கே போகிறது. மின்சாரத்துக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூவாயிரம் ரூபாய் உடனடிக் கீசருக்கு இது ஒரு ரூபாய்க்குள் அடங்கும். கடலை ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் உப்புச் சுவை ஏறிய போர் தண்ணீரே குளியலுக்கு வரும் வீடுகளில் பத்து ஆண்டு என்ற ஆயுளை நம்புவதும் கடினம். காயிலில் உப்புப் படிவதால் மின்சாரம் வீணாவதில்லை; காயில் நீருக்குள் இருக்கும்வரை வெப்பம் நீருக்குத்தான் போகும். ஆனால் படிவத்துக்கு அடியில் காயில் அளவுமீறிச் சூடாகிக் கருகிவிடும். கேஸ் கீசரில் நிலைமை வேறு: குழாய்க்குள் படியும் உப்பு வெப்பத்தைத் தடுத்து, அதைப் புகைவழியே வெளியேற்றிவிடும்.

சூரிய வெந்நீர்க் கலனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மொட்டை மாடி சொந்தமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் மேகம் மூடிய நாள்களில், அதாவது வெந்நீர் மிகவும் வேண்டிய நாள்களில், அது கைகொடுக்காது. ஆண்டுக்கு 160 யூனிட் மிச்சப்படுத்துவதற்காக ஆயிரக்கணக்கில் முதல் போடுவது விடுதிக்கோ மருத்துவமனைக்கோ பொருந்தும். நான்கு பேர் வீட்டுக்குப் பொருந்தாது.

இதுவரை சொன்னதெல்லாம் தனி மின் இணைப்பு உள்ளவர்களுக்கு. வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வாடகைக்கு இருக்கும் பலர், உரிமையாளர் வைத்த சப் மீட்டருக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இலவச 100 யூனிட் கிடையாது, படிகளும் கிடையாது. எட்டு ரூபாய் வீதத்தில் கீசர் வாளிக்கு 3.20 ரூபாய் ஆகிறது, 2.80 ரூபாயில் முடியும் கேஸ் அடுப்பே அங்கு மலிவு. ஏழைக் குடும்பங்களுக்கான உஜ்வாலா திட்ட இணைப்பு என்றால், 2025-இல் சிலிண்டருக்குக் கிடைத்த 300 ரூபாய் மானியத்தைக் கழித்தபின் 1.80 ரூபாய்தான் ஆனது. ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் தலா 200 யூனிட் செலவழித்தால் மொத்தக் கட்டணம் 2,880 ரூபாய்; அதே மூன்று குடும்பங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் மூன்றும் சேர்ந்து 705 ரூபாய்தான். தனி இணைப்பு பெற்ற பின், 200 யூனிட்டோடு வெந்நீருக்கான 96 யூனிட்டைச் சேர்த்தாலும் அவை முழுதும் 4.70 ரூபாய்ப் படியிலேயே அடங்கிவிடும். கீசரில் ஒரு வாளிக்கு 1.88 ரூபாய் மட்டுமே ஆகும்.