செமினரி விடுதியா, சபையின் மேசையா? சேலத்துப் பாப்டிஸ்ட் சபைகளுக்கு ஓர் அலசல்

சேலத்திலோ ஏற்காட்டிலோ ஒரு பாப்டிஸ்ட் சபையில் வேதத்தை ஆழமாகப் படிக்கக்கூடிய பிள்ளை ஒன்று தென்பட்டால், மூப்பர்கள் முதலில் கேட்பது “எந்த செமினரிக்கு (இறையியல் கல்லூரிக்கு) அனுப்பலாம்?” என்றுதான். மதுரை அரசரடி, பெங்களூரு, சென்னை என்று பேச்சு நகரும், விண்ணப்பமும் வந்துவிடும். சபையிலேயே உட்காரவைத்து நாமே தொடங்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சபை இரண்டையும் எடைபோட்டு இரண்டாவதைத் தேர்ந்தது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

பேசித் தீரவேண்டியிராத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நூலகம் செமினரியில்தான் உண்டு. கல்லூரியில் கற்பிக்க நினைப்பவருக்குப் பட்டம் கட்டாயம். இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் வரிசையில் பி.டி. என்ற இளநிலைப் பட்டம் இல்லாமல் எம்.டிஎச். என்ற முதுநிலை கிடையாது, அது இல்லாமல் டி.டிஎச். என்ற முனைவர் பட்டம் கிடையாது. 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று பாப்டிஸ்டுகள் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் சாசனம் கொடுத்தார். அந்த வரிசை அங்கிருந்து வருவது. செலவில் சபைவழிப் பயிற்சி மலிவு என்பதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வேலையை விடவேண்டாம், வீட்டை விடவேண்டாம்.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்வி: பயிற்சி முடிந்து ஐந்து ஆண்டு கழித்து, அவர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைத் திறந்து உதவியில்லாமல் ஐந்து வசனம் வாசிப்பாரா?

பலரால் முடிவதில்லை. அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. விடுதிப் படிப்பில் மொழிப்பாடம் சில பருவங்களுக்குள் வந்து முடிந்துவிடும். தேர்வு வேண்டுவது உருபு அட்டவணைகளும் குறிப்பிட்ட சில பகுதிகளின் சொற்களைப் பகுத்துக் காட்டுவதும். அவற்றை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். பிறகு ஊழியம் தொடங்குகிறது. ஞாயிறு ஆராதனை, வீட்டுக் கூட்டம், துக்க வீடு, கல்யாணம், கட்டட நிதி. வாசிக்கும் பழக்கம் வேர்விடாமலே தேர்வில் ஜெயித்துவிட்ட மொழி, இந்த நெருக்கடியில் முதலில் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது கிரேக்கச் சொல்லுக்கு எண் போட்டுப் பொருள் காட்டும் அகராதி. அதைத் திறந்து, பட்டியலில் உள்ள ஏழு பொருளில் பிடித்ததை எடுத்துப் பிரசங்கிப்பது ஆராய்ச்சி ஆகாது.

சபையின் மேசையில் இதை வேறுவிதமாகக் கட்டலாம். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 வெவ்வேறு சொற்கள் உண்டு. ஐம்பது தடவைக்கு மேல் வருபவை சுமார் 310தான். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படுவதில் ஐந்துக்கு நான்கு அந்த 310க்குள் அடங்கிவிடும். வாரத்துக்குப் பத்துச் சொல் என்றால் 31 வாரம். அறுவடை, பண்டிகை என்று விடுபட்டாலும் ஓர் ஆண்டுக்குள் முடியும். எழுத்துகள் பிடிபட்டவுடன் இதற்கு இணையாக யோவானின் முதல் நிருபத்தைத் தொடங்கவேண்டும். 105 வசனம்; சொற்களும் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. வாரம் ஐந்து வசனம் வைத்தால் 21 வாரத்தில் ஒரு முழுப் புத்தகம் முடிந்திருக்கும். ஒரு புத்தகத்தை முடித்தேன் என்ற தெம்பை எந்த அட்டவணையும் தராது. பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயம் இரண்டாம் ஆண்டில்: முதலில் யோனாவின் 48 வசனம், அடுத்து ரூத்தின் 85.

வழிகாட்டியோடு சந்திப்பு வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். முதல் அரைமணி பிள்ளை உரக்க வாசிக்கிறார், தானே தமிழாக்குகிறார். வழிகாட்டி குறுக்கே பேசக்கூடாது, இதுதான் கடினம். அடுத்த அரைமணி தடுமாறிய இடங்கள். கடைசியில் அந்தப் பகுதிக்கு ஒரு பழைய விளக்கவுரையும் ஒரு புதியதும் சொல்வதை ஒப்பிடுவது. மற்ற ஆறு நாளும் வீட்டில் இருபது நிமிடம். ஏற்காட்டில் காப்பி பறிப்பு நடக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலையில் இருக்கும் பிள்ளைக்கு இருபது நிமிடம் பத்தாகலாம், ஐந்து வசனம் இரண்டாகலாம். பூஜ்யமாகக்கூடாது. மூன்று வாரம் முற்றிலும் நின்றால் அடுத்த இரண்டு மாதம் பழையதை மீட்பதிலேயே போய்விடும்.

தமிழர் கிரேக்கம் படிக்கும்போது வழக்கமாகப் பிசகுமிடம் ஒன்று உண்டு. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைப்பது. பீட்டாவும் பையும் ‘ப’ ஆகிவிடும். காமா, காப்பா, கீ மூன்றும் ‘க’ ஆகிவிடும். இரண்டாம் மாதத்தில் வேறு வேறு சொற்கள் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும், குழப்பம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. முதல் வாரத்திலிருந்தே கிரேக்க எழுத்தில்தான் எழுதவேண்டும்.

ஆதாயமும் நம் பக்கம் உண்டு, அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலப் பாடநூல் வழியே படிப்பவருக்கு வேற்றுமை என்பதே புதுச் சங்கதி. தமிழ்ப் பிள்ளை அதைப் பள்ளியிலேயே படித்தாயிற்று. கிரேக்கத்தின் ஒரே உருபு நம் நான்காம் வேற்றுமை வேலையையும், மூன்றாம், ஏழாம் வேற்றுமை வேலைகளையும் சேர்த்துச் செய்கிறது என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

மத்தேயு 28:19, 20ஐ எடுங்கள். நாம் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் ‘புறப்பட்டுப்போய்’, ‘சீஷராக்கி’, ‘ஞானஸ்நானங்கொடுத்து’ மூன்றும் எச்சங்கள். முற்று கடைசியில் வரும் ‘உபதேசம்பண்ணுங்கள்’. கிரேக்கத்தில் ஏவல் முற்று ஒன்றுதான், அது ‘சீஷராக்குங்கள்’. மற்றவை அதைச் சார்ந்து நிற்பவை. தமிழ் வாக்கியம் வினைமுற்றைக் கடைசியில் வைப்பதால் அழுத்தம் இடம் மாறிவிட்டது. அதேபோல் 1 யோவான் முதல் அதிகாரத்தில் ‘நாங்கள்’ எங்கே ‘நாம்’ ஆகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர்தான் தீர்மானித்தார். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இதைத் தமிழில், தமிழ் இலக்கணத்தோடு சொல்லித்தர ஆள் வேண்டும். அரசரடி செமினரியில் தமிழ்வழிப் படிப்பு இருப்பதை மதிக்கிறோம். ஆனால் மேற்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே போய்விடுகிறது.

சபைவழிப் பயிற்சியின் உண்மையான ஆபத்து, வழிகாட்டி தன் அச்சிலேயே ஒருவரை வார்த்துவிடுவது. ஞானஸ்நானத்துக்கான கிரேக்க வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள் அமிழ்த்துதல். பாப்டிஸ்ட் பிள்ளை அதை மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்வார். ஆனால் லூக்கா 11:38இல் பரிசேயன் வீட்டுச் சாப்பாட்டுக்கு முன் கழுவிக்கொள்வதற்கும் அதே வினைதான் வருகிறது. அந்த வசனத்தை வழிகாட்டியே முன்வந்து மேசையில் வைக்கவேண்டும். விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் என்ற நம் போதனை ஒரு சொல்லின் வேரில் தொங்கிக்கொண்டில்லை. ரோமர் 6, அப்போஸ்தலர் நடபடிகள், சபை என்றால் யார் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. இந்த நேர்மையைச் செமினரி எளிதாகத் தரும், ஏனென்றால் அங்கே பக்கத்து அறையில் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் லுத்தரன் சபையின் மாணவர் இருப்பார். சபையில் அதற்காக மெனக்கெட வேண்டும். குறைந்தது இரண்டு வழிகாட்டிகள் வேண்டும், ஒருவர் வேறு ஊர்ச் சபையிலிருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளை ஒரு பத்துப் பக்கக் கட்டுரை எழுதி, நம் கருத்துக்கு எதிரான வாதத்தை அதன் முழு பலத்தோடு முன்வைக்க வேண்டும்.

நம் மரபில் இது புதிதுமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேய பாப்டிஸ்ட் ஜான் கில் பல்கலைக்கழகப் படிகூட ஏறாமல் எபிரெயத்தில் பெரும் புலமை அடைந்தவர். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே சபையின் போதகர். 1748இல் அபர்டீன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. இங்கிலாந்தின் ஓல்னியில் போதகர் ஜான் சட்கிளிஃப் தன் வீட்டிலேயே ஊழியர்களைப் பயிற்றுவித்தார். செருப்புத் தைத்த கேரி இலத்தீன் கற்கத் துணைநின்றவரும் அவரே. 1679ஆம் ஆண்டின் ஒரு நன்கொடைப் பத்திரத்தில் வேர்கொண்ட, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பாப்டிஸ்ட் கல்லூரியும் மரபில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அந்த ஊர் பிராட்மீட் சபையின் மடியில் வளர்ந்தது.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது: 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டி போன்ற விரிவாக்கக் கல்வி. பாடப் புத்தகமும் வாராந்தரக் குழுவும் சேர்ந்த அமைப்பு, பொது விசுவாசிகளுக்கு அருமையானது. மூலமொழி ஆய்வாளரை அது மட்டும் உருவாக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

முனைவர் நிலைக்கு மேசைப் பயிற்சி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எங்கள் அனுபவம் மெலிது. அங்கே நூலகமும் மேற்பார்வையாளரும் இல்லாமல் ஆகாது என்றே தோன்றுகிறது. அதனால் பட்டம் தேவைப்படும் பிள்ளையைத் தடுக்கவேண்டாம். இரண்டு ஆண்டு மேசையில் உட்காரவைத்த பிறகு அனுப்புங்கள். 310 சொல்லும் ஒரு முழுப் புத்தகமும் கையில் இருந்தால் செமினரியின் மொழிப்பாடம் அவருக்குச் சுமையாக இராது, அந்த நேரத்தை நூலகத்துக்குக் கொடுப்பார். அனுப்பும் தீர்மானத்தைப் போதகர் மட்டும் எடுக்காமல் சபைக்கூட்டம் எடுக்கட்டும். அதே தீர்மானத்தில் வாராந்தர வாசிப்பையும் எழுதிவையுங்கள்: வாரம் ஒருநாள் இரவு அரைமணி நேரம் போனில், ஐந்து வசனம், யார் அழைப்பது என்று பெயரோடு.